புகை நேராக நிற்கும் நேரம்

எங்கள் குப்பத்தில் ஒருவன் தன் சொந்தத் தோட்டத்தில், தன் மரத்துச் சருகைக் கொளுத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அரசாங்கம் போட்டதைச் சொல்லவில்லை. அது பிறகு வந்தது. இது ஊர் போட்டது. எழுதி ஒட்டவில்லை. கங்கையம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடி, கற்பூரம் ஏற்றி, வாயால் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்து தலையாட்டினேன். எனக்கு அப்போது புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆட்டினதோடு சரி. அதற்குப் பிறகு அந்தக் கட்டுப்பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. ஏனென்றால் மற்றவர்கள் சருகு எரிக்கிற நேரத்தில் நான் கடலில் இருப்பேன்.

கட்டுப்பாடு வந்த கதை சின்னது. ஒருவர் விடியற்காலையில் தன் வேலியோரம் காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தினார். தரைக்காற்று கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பொறி பறந்து கரையில் கிடந்த வலைக் குவியலில் விழுந்தது. நைலான் வலை பற்றினால் உருகிச் சொட்டும். சொட்டின இடமெல்லாம் பிடிக்கும். அன்றைக்கு ஒரு வரிசை வலையும் இரண்டு படகும் கரியாகின. அந்த நாற்றம் ஒரு வாரம் எங்கள் சோற்றில் இருந்தது.

அதனால் விடியலில் நெருப்பு வைக்கக் கூடாது. பொழுது ஏறினதும் காற்று திரும்பிவிடும்; கடலிலிருந்து வீடுகளைப் பார்த்து அடிக்கும். அப்போதும் கூடாது, ஓலைக் கூரைகள் இருக்கின்றன. ஒரு காற்று ஓய்ந்து மற்றது கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எதுவும் அசையாது. அந்த நேரத்தில்தான் கொளுத்தலாம். முதலில் தேங்காய் நாரைப் பற்றவைத்துப் புகையைப் பார்க்க வேண்டும். நேராக நின்றால் வைக்கலாம். சாய்ந்தால், பாதி எரிந்திருந்தாலும், அணைத்துவிட வேண்டும். பக்கத்து வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். மூன்று குடம் தண்ணீர் பக்கத்தில் நிற்க வேண்டும். வைப்பதற்கு முன், உள்ளே வலைத்துண்டோ வேறு எதுவுமோ கிடக்கிறதா என்று குவியலைக் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும். மீறினவர் அம்மன் விளக்குக்கு ஒரு மாத எண்ணெய் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

முழங்கால் போய் நான் கடலுக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. தரையில் காலை நேரம் எப்படி இருக்கும் என்பதையே அதன் பிறகுதான் பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

இது இந்தப் பங்குனியில் நடந்தது. பொன்னேரியில் எங்கள் மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வியாழக்கிழமை வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டிருந்த என் மனைவி, தோட்டத்தில் இருந்து கூப்பாடு போட்டாள். வடக்கு வேலியோரம், சவுக்கு மரங்களுக்குக் கீழே, மழைக்காலத்திலிருந்து நான் கூட்டிக் கூட்டித் தள்ளின சருகு இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. அதற்குள் ஒரு சுருட்டைப் பாம்பு போனதைப் பார்த்துவிட்டாள். சின்னப் பாம்புதான். உடம்பை உடம்போடு தேய்த்துச் சொரசொரவென்று சத்தம் போடும். கடித்தால் பிழைப்பது கஷ்டம்.

"ஞாயித்துக்கெயம பொண்ணு வருது, பச்சக் கொயந்தையத் தூக்கினு. அந்தக் குப்ப அதுக்குள்ள போவலன்னா, நான் ஊட்டுக்குள்ள சேக்க மாட்டேன்."

"யார, பாம்பையா?"

"உன்ன."

எனக்கும் பயம் வந்துவிட்டது. பிறந்து பத்து நாள் ஆன பிள்ளை. எங்களுக்குப் பேரப்பிள்ளை என்று வந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை தீப்பெட்டியோடு தோட்டத்துக்குப் போனேன். முகத்தில் காற்றே படவில்லை. குச்சியை எடுத்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து என் தம்பி மனைவி கத்தினாள். அவள் வீட்டுக் கொடியில் தம்பியின் புது வலை தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா! தீப்பெட்டியக் கீய போடுங்க!"

"காத்து எங்கம்மா கீது?"

"உங்க மூஞ்சில இல்ல. மேல பாருங்க."

பார்த்தேன். சவுக்கு மரங்களின் நுனியெல்லாம் கடலைப் பார்த்து வளைந்திருந்தன. வீட்டுச் சுவர் மறைத்ததால் எனக்குக் கீழே தெரியவில்லை. காற்று என் தலைக்கு மேல் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பது வருசமா காத்து பாத்தவனுக்கு நீ பாடம் எடுக்கறியா?"

"நீங்க கடல்ல பாத்தீங்க. தோட்டத்துல நாங்கதான பாக்கறோம்? நாளைக்கு வைங்க. நான் வலைய எடுத்து உள்ள போட்டுடறேன். மூணு குடம் ரொப்பி வைங்க. புரட்டிப் பாருங்க. சொல்லிட்டேன், இல்லன்னா எண்ணெதான்."

தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆண்களெல்லாம் கடலில் இருக்கிற நேரத்தில் இத்தனை வருடமும் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றி வந்தது எங்கள் வீட்டுப் பெண்கள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் தூய்மைக் காவலர் பெண் பேட்டரி வண்டியோடு தெருவில் வந்தாள். ஏரிக்கரைப் பக்கத்துப் பெண். அவள் வீட்டார் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். வாய்த்துடுக்கு அதிகம்.

"இன்னாண்ணே, ஊருக்கே சாம்பிராணி போடப் போறீங்களா?"

"சருகும்மா. பாம்பு கீது."

"ஆபீசுல எரிக்கவே கூடாதுங்கறாங்க. மக்கற குப்பைய குழில போடணும், மக்காதத என்கிட்ட குடுக்கணும்."

"பாம்பு எதுல சேத்தி?"

"மக்கறதுதான். நீங்களே பிடிச்சுப் பச்ச டப்பால போடுங்க, நான் எடுத்துக்கறேன்." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு வண்டிக்கு நல்லா சார்ஜ் ஏத்தினு வரேன். நாலு நடையில அள்ளிக் குழில கொட்டிடலாம். நெருப்பு வேணாண்ணே."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். பாம்பு இருக்கிற குவியலை ஒரு பெண் கையால் அள்ள வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. தம்பி மனைவி முன்னால் பட்ட வெட்கம். கட்டுப்பாட்டின்படி நானும் கொளுத்திக் காட்ட வேண்டும் என்ற வீம்பு.

சனிக்கிழமை குளித்து, விளக்கேற்றி, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, மூன்று குடம் தண்ணீரை வேலியோரம் வரிசையாக வைத்தேன். முதலில் பாம்பை விரட்ட வேண்டும். நீளமான மூங்கில் கழியை எடுத்து, குவியலின் கிழக்கு ஓரத்திலிருந்து ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே வந்தேன். ஏரியில் வலையை வளைத்துக் கட்டிவிட்டுத் தண்ணீரை அடிப்போமே, அந்த மாதிரி. அடிக்கிற சத்தத்துக்கு உள்ளே இருக்கிற மீனெல்லாம் கலங்கி ஓடும், ஒன்றுகூட நிற்காது. எனக்குத் தெரிந்த வழி அது.

பலித்தது. ஏழெட்டு அடியிலேயே பாம்பு வெளியே வந்து, சுருண்டு, சொரசொரத்து, பிறகு வேலிக்கு அடியில் புகுந்து கடற்கரை மணலைப் பார்த்துப் போய்விட்டது. என் மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று அம்மனைக் கூப்பிட்டாள்.

"பொரட்டிப் பாத்தியா?" என்றாள்.

"இன்னாத்துக்கு? வலைத்துண்டு ஒண்ணுகூட அதுல போடல. உள்ள இருந்ததும் ஓடிப்போச்சு. தண்ணிய அடிச்சா எந்த மீனாவது நிக்குமா?"

பிறகு நாரைப் பற்றவைத்து ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் புகை கடலைப் பார்த்துப் படுத்துப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. முட்டி போட்டவன் எழுந்து நிற்கிற மாதிரி. ஒரு நேரத்தில் அசையாமல் நின்றுவிட்டது. வெள்ளை நூலைப் பிடித்து யாரோ மேலே இழுத்த மாதிரி, நேராக, சவுக்கு நுனியையும் தாண்டி. தம்பி வீட்டு அடுப்புப் புகையும் அப்படியே நின்றது. தெருக்கோடியில் கோயில் சாம்பிராணிப் புகையும் அப்படியே. குப்பம் முழுக்க அங்கங்கே புகை தூண் தூணாக நின்றது. தென்னங்கீற்று ஒன்று ஆடவில்லை. காக்கை கத்தவில்லை. கடல் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

கடலில் இந்த நேரம் எனக்குப் பழக்கம். வியர்வை ஊற்றும், எரிச்சலாக இருக்கும், எப்போது காற்று வரும் என்று திட்டிக்கொண்டிருப்போம். அதே நேரத்தில் என் வீட்டைச் சுற்றி இப்படி ஒன்று தினமும் நடந்திருக்கிறது. ஒரு பெரிய உயிர் மூச்சை உள்ளே இழுத்து, விடுவதற்கு முன்னால் நிறுத்தின மாதிரி இருந்தது. என் கைகள் தன்னால் குவிந்தன. தீ வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்து போனது.

"புகை நின்னுச்சு மாமா, வைங்க! கொஞ்ச நேரந்தான்!" என்றாள் தம்பி மனைவி, வேலிக்கு அப்பால்.

கிழக்கு ஓரத்தில் வைத்தேன். சவுக்குச் சருகு ஊசி ஊசியாகக் காய்ந்திருந்தது, பொசுக்கென்று பிடித்தது. புகை தடித்து நேராக ஏறியது. சரியாகச் செய்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி. சிதறிக் கிடக்கிறதை உள்ளே தள்ளலாம் என்று கழியோடு குவியலைச் சுற்றி மேற்குப் பக்கம் போனேன். அந்தப் பக்கம் சருகு சரிந்து பாய் விரித்த மாதிரி மெல்லியதாகப் பரவிக் கிடக்கும். கழியை நீட்டினேன்.

ஒரு சருகு கண் திறந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது பூவரசு இலை, சவுக்கு ஊசி, மட்கின பட்டை. அதன் நடுவில் ஒரு கோடு விரிந்தது. உள்ளே கறுப்பாக, ஈரமாக ஒரு கண். அதைப் பார்த்த பிறகுதான் சுற்றியிருந்த சருகெல்லாம் ஒன்றுசேர்ந்து தலையாகி, முதுகாகி, இறக்கையாகி, ஒரு பறவையாக ஆனது. என் கால் கட்டைவிரலுக்கு ஒரு முழம் தள்ளி. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ. முந்தின நாள்கூட நான் அதன் பக்கத்தில் துடைப்பத்தை வீசியிருக்கிறேன். இப்போது அத்தனை அடி அடித்திருக்கிறேன். ஓடவில்லை. தீ இரண்டு கை தூரத்தில் படபடவென்று வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை. அந்தக் கண்ணுக்குள் நெருப்பு தெரிந்தது.

"இன்னாயா கல்லு மாரி நிக்கற?" என்றாள் என் மனைவி.

குடத்தைத் தூக்கினேன். முழங்கால் நினைவுக்கே வரவில்லை. ஒன்று, இரண்டு என்று ஊற்றினேன். தம்பி மனைவி வேலியைத் தாண்டி வந்து மூன்றாவது குடத்தை எடுத்துக் கவிழ்த்தாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து சாம்பல் தெறித்ததும்தான் அந்தப் பறவை எழுந்தது. பறக்கவில்லை. ஒரு இறக்கையை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு, தரையில் புரண்டு புரண்டு, கிணற்றைப் பார்த்துப் போனது.

"ஐயோ, அடி பட்டுச்சே!" என்று என் மனைவி அதன் பின்னால் ஓடினாள்.

"நில்லுக்கா!" தூய்மைக் காவலர் பெண்ணின் குரல். சொன்னபடி வண்டியோடு வந்து வேலித் திறப்பில் நின்றிருந்தாள். "அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நடிக்குது. உங்கள அந்தாண்ட கூப்டுது. அது காவல் காக்கறது இங்க கீது, பாருங்க."

குனிந்து காட்டினாள். வெறும் சருகின் மேல், கூடும் இல்லை, குழியும் இல்லை, இரண்டு முட்டை. மணல் நிறத்தில் புள்ளி புள்ளியாக. கருகின ஓரம் அதிலிருந்து ஒரு சாண். யாரும் தொடவில்லை.

"பக்கின்னு ஒரு பறவைண்ணே. இருட்டுல கத்துமே, டொக் டொக் டொக்னு, கடைசில உருட்டி உடும்."

நாற்பது வருடம் விடியலுக்கு முன்னால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கல்லின் மேல் சிப்பியைத் தட்டின மாதிரி. ஏதோ பூச்சி என்று நினைத்திருந்தேன். யார் கத்துகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நாங்கள் நான்கு பேரும் அப்படியே நிற்கும்போது சவுக்கு மரங்கள் 'ஹோ' என்றன. கடல்காற்று வந்துவிட்டது. மிச்சமிருந்த புகை சட்டென்று மடிந்து, முட்டைகளுக்கு மேலேயே ஓடித் தம்பி வீட்டுக் கூரையைத் தொட்டுக்கொண்டு போனது. தண்ணீர் ஊற்றி எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்கூட இருக்காது. அந்தக் காற்று கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், நெருப்பு முதலில் படுத்திருப்பது அந்த முட்டைகள் மேல்தான்.

அம்மன் காற்றைக் கையில் பிடித்து வைத்திருந்தாள் என்று என் மனசு சொல்கிறது. தம்பி மனைவி அதெல்லாம் தினம் வருகிற நேரந்தான் என்கிறாள். இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

"குப்பைய இன்னா பண்றது?" என்று மெதுவாகக் கேட்டேன். "நாளைக்குக் கொயந்தை வருதே. மறுபடியும் பாம்பு வந்துச்சுன்னா?"

என் மனைவி கிணற்றடியைப் பார்த்தாள். பறவை அங்கே இறக்கையை விரித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக்கும்தான் கொயந்தை வரப்போவுது," என்றாள். "ஒரு பாய் அளவுக்கு அப்டியே உடு. மீதிய அள்ளு. கையால."

மீதியைக் கையால் அள்ளினோம். ஒவ்வொரு அணைப்பையும் புரட்டிப் பார்த்து வண்டியில் போட்டோம். உள்ளே வலைத்துண்டு இல்லை என்று சொன்னேனே. எட்டு பத்து துண்டு வந்தது. காற்று கொண்டுவந்து போட்டது. தூய்மைக் காவலர் பெண் அதைத் தனியாகப் பையில் போட்டு, என் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். நான்கு நடையில் முடிந்தது.

அதன் பிறகுதான் பயம் பிடித்தது. இவ்வளவு நடந்த இடத்துக்கு அது திரும்பி வருமா? சூடு, ஈரம், கரி வாசனை. கிணற்றடியில் இருந்ததையும் காணோம். யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று என் மனைவி கதவைச் சாத்திவிட்டாள். மகள் வருகிற நாளுக்கு முந்தின நாள் என் கையால் ஒரு தாயை விரட்டிவிட்டேனே என்று நினைத்து நினைத்து, சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மனசு கேட்காமல் போய், தூரத்தில் நின்றே பார்த்தேன். முட்டையைக் காணோம். காக்கையா, கீரியா? இன்னொரு அடி வைத்தேன். காலையில் முட்டை இருந்த இடத்தில் சருகு மட்டும்தான் கிடந்தது.

அந்தச் சருகு கண் திறந்து என்னைப் பார்த்து, மறுபடியும் மூடிக்கொண்டது.

திரும்பி வந்துதான் உட்கார்ந்திருந்தது. அடைகாத்துக்கொண்டிருந்ததால்தான் முட்டை தெரியவில்லை. நான் பின்பக்கமாகவே அடி வைத்து வீட்டுக்குள் வந்தேன். திரும்பி நடக்கத் தோன்றவில்லை. கோயிலில் கருவறை முன்னாலிருந்து நாம் முதுகைக் காட்டாமல் வருவோமே, அப்படி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி ஆச்சரியப்பட்டார்.

"இன்னாத்துக்கு? எவன் வலை எரிஞ்சுது?"

"எதுவும் எரியல."

"கூரை?"

"இல்ல. பொரட்டிப் பாக்காம வச்சுட்டேன்."

அவர் டின்னை வாங்கி விளக்கில் ஊற்றினார்.

அன்றைக்குப் பத்து மணி வாக்கில் ஆட்டோவில் மகள் வந்தாள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்து வாசற்படியில் உட்கார்ந்தவளுக்கு நான் தூரத்திலிருந்தே காட்டினேன்.

"எங்க நைனா? சும்மா சொல்ற. குப்பதான் கீது."

"பாத்துக்கினே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்று ஓய்கிற நேரம். மரங்கள் நின்றன. தெருவில் எங்கோ ஒரு அடுப்புப் புகை நேராக ஏறியது. மகள் திடீரென்று என் கையைப் பிடித்தாள். பிள்ளையை இன்னும் கொஞ்சம் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

குஞ்சுகள் வந்ததையும் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் அந்த இடத்தில் இரண்டு மண்ணாங்கட்டி கிடந்தது. மறுநாள் அது நகர்ந்திருந்தது. பிறகு ஒரு விடியலில் எதுவும் இல்லை. தாயும் இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் தூய்மைக் காவலர் பெண்ணின் வண்டி வந்தபோது அந்தப் பாய் அளவுச் சருகையும் அள்ளிக் கொடுத்தேன். கால் வலிக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கைப்பிடியாகப் புரட்டினேன்.

"ஒண்ணும் இல்லண்ணே, சீக்கிரம் அள்ளுங்க, இன்னும் நாலு தெரு கீது," என்றாள் அவள்.

ஒன்றும் இல்லைதான். எனக்கும் தெரியும். ஆனாலும் என் கையில் இருந்த ஒவ்வொரு சருகும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. மெதுவாகத்தான் போட்டேன்.